தோற்ற மறுநாள் செலுத்திய முடி

அரக்கோணத்தில் நடந்த இறுதிப் போட்டியில் திருத்தணிப் பெண்கள் கபடி அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது ஞாயிற்றுக்கிழமை மாலையில். மறுநாள் காலை, அவ்வணியின் இடது மூலையில் நின்று ஆடுகிற ரஞ்சிதம், சரவணப்பொய்கைக் கரையில் தலையை முழுவதும் மழித்துக்கொண்டாள். நீராடிச் சந்தனம் பூசினாள். படியேறித் தணிகை நாயகனை வணங்கிவிட்டு இறங்கினாள். தேங்காய்க் கடைகளின் வரிசையைக் கடக்கும்போது எதிரே வந்தவள் அதே அணியைச் சேர்ந்த கவிப்பிரியா.

“இன்னாக்கா இது! மொட்ட?”

“வேண்டுதல். நெறவேறிச்சி. குடுத்துட்டேன்.”

அவ்வளவே பேச்சு. ஆனால் அந்தச் சொற்கள் நண்பகலுக்குள் அணியில் உள்ள பன்னிரண்டு பேரையும் எட்டிவிட்டன. எட்டிய ஒவ்வொருத்தியும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: நேற்று நாம் தோற்றோமே, இவளுக்கு எது நிறைவேறியது?

இவ்வூரில் முடி கொடுப்பது பெரும்பாலும் கேட்பதற்காக அன்று, பெற்றுவிட்டதற்காக. கேட்ட காலத்தில் வேண்டுதலை எவரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருப்பார்கள். கைகூடிய பின் வாய்நிறையச் சொல்வார்கள். அப்போது சொல்வதற்குத் தடையில்லை. சொல்வதும் ஒருவகை வழிபாடே. பெண்களாயின் பூமுடி என்று மூன்று கத்தரி நறுக்கிக் கொடுத்து அமைவதே வழக்கம். முழுத்தலையையும் ஒரு பெண் கொடுத்தாள் என்றால், போன உயிர் திரும்பியிருக்க வேண்டும், அல்லது அதற்கு நிகரான ஒன்று கிடைத்திருக்க வேண்டும். ரஞ்சிதமோ முழுத்தலையையும் கொடுத்தாள். பெற்றது இன்னதென்று எவரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. கனகம்மாசத்திரத்துக்குத் தெற்கே ஏரியை ஒட்டிய சிற்றூரில் பிறந்தவள். பெற்றோர் பிறர் நிலத்தில் களை எடுத்தும் வேர்க்கடலை பறித்தும் பிள்ளைகளை வளர்த்தவர்கள். எட்டாம் வகுப்பில், உயரம் போதாது என்று வாலிபால் அணியிலிருந்து விலக்கிக் கபடிக்கு அனுப்பினார்கள். விடுமுறை நாள்களில் தாயோடு நாள் முழுவதும் குனிந்து வேலை செய்தவளுக்குக் கபடி எளிதாக வந்தது. மூலையில் நிற்பவள் இடுப்பை வளைத்து, கைகளைத் தாழ்த்தி, பாடிவருகிறவளின் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். போனஸ் கோட்டைத் தொட அந்தப் பாதம் நீளும் கணத்தில் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிப் பாய்ந்து கணுக்காலைப் பற்ற வேண்டும். ஒரு கணம் முந்தினால் பாடிவந்தவள் விலகிவிடுவாள். ஒரு கணம் பிந்தினால் புள்ளி போய்விடும். அந்தக் கணத்தை ரஞ்சிதம் அறிந்திருந்தாள் என்பதை அவளை வெறுத்தவர்களும் மறுத்ததில்லை.

மணமாகி ஆறு ஆண்டுகள். கணவன் சுதாகர் பால் வண்டி ஓட்டுகிறான். குழந்தை இல்லை. சென்னை–திருப்பதி சாலையில் உள்ள பெட்ரோல் பங்கில் அவளுக்கு இரவு வேலை. வேலை முடிந்து, விடியும் முன் வருகிற முதற்பேருந்தில் ஏறித் திருத்தணி மைதானத்துக்கு வந்து இரண்டு மணிநேரம் ஆடிவிட்டு வீடு திரும்புவாள். பல ஆண்டுகளாக இதுவே நடைமுறை.

எதற்காக? அணியில் மற்ற அனைவருக்கும் விடை இருந்தது. தலைவி தமயந்திக்கு வயது இருபத்திரண்டு; சீருடைப் பணிக்கு விளையாட்டுச் சான்றிதழ் வேண்டும். கவிப்பிரியாவுக்குப் பத்தொன்பது; மாநிலத் தேர்வு முகாமுக்குப் போகவேண்டும். பயிற்சி கொடுக்கும் கங்காதரனுக்குக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. கல்லாவுக்குப் பின்னால் உள்ள கண்ணாடி அலமாரியில் ஒரு கோப்பையை நிறுத்தவேண்டும். ஒருத்தியின் நோக்கம் மற்றவளுக்குத் தெரியும். தெரிந்ததனால் ஒருவரையொருவர் நம்பினார்கள். ரஞ்சிதமோ எந்தப் பணிக்கும் வயது கடந்தவள். முன்பொரு நாள் தமயந்தி கேட்டே விட்டாள்:

“உனுக்கு இதுல இன்னாக்கா கெடைக்குது?”

“கால புடிச்சா, புடிச்ச மாரி இருக்குது.”

அன்று எல்லோரும் சிரித்தார்கள். அரக்கோணத்துக்குப் பின் அந்த விடையில் சிரிக்க ஒன்றும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ஆதாயம் இன்னதென்று தெரிகிறவரோடு சேர்ந்து நிற்க மனிதருக்கு அச்சமில்லை. ஆதாயமே இல்லை என்கிறவரைத்தான் அவர்கள் இருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள்.

திரும்பிப் பார்க்கையில் கண்ணில் பட்டவை பல. கடைசி ஒரு நிமிடம். திருத்தணி இருபத்தேழு, அரக்கோணம் இருபத்தாறு. பாடிவந்தவள் பிரபாவதி, ரஞ்சிதத்தின் தாய்மாமன் மகள். பிரபாவதியின் பாதம் ரஞ்சிதத்தின் முன்னாலேயே நீண்டது. கோட்டைத் தொட்டது. திரும்பும்போது அவள் கவிப்பிரியாவின் தோளைத் தட்டிவிட்டு ஓடினாள். இரண்டு புள்ளி. ஊதல் ஒலித்தது. யாரோ கைப்பேசியில் எடுத்த காட்சியைப் பெண்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ரஞ்சிதத்தின் கைகள் முன்னே போகின்றன. உடல் போகவில்லை. கைகள் திரும்பிவிடுகின்றன.

“கை போச்சி பாரு. அப்புறம் இன்னாத்துக்கு வாங்கிக்கினா?” என்றாள் கவிப்பிரியா. அவளே இன்னொன்றும் சொன்னாள். எந்த ஆட்டத்திலும் ரஞ்சிதம் பாதியில் வெளியே வந்துவிடுவாள்; தலை சுற்றுகிறது என்பாள், தாகம் என்பாள். அன்றைக்கு மட்டும் கங்காதரன் இருமுறை கையசைத்து அழைத்தும் வரவில்லை. “கடேசி பாட்டுக்கு மாமம் பொண்ணு வருவானு தெரிஞ்சிதான் உள்ளயே நின்னுகினு இருந்தாளா?”

வென்ற அணியிலிருந்து நான்கு பேரை மாநில முகாமுக்கு அழைப்பதாகப் போட்டியை நடத்தியவர்கள் முன்னரே அறிவித்திருந்தார்கள். நால்வரில் பிரபாவதி ஒருத்தி. கணக்கு நேராக வந்தது. மாமன் மகள் வெல்லவேண்டும் என்று வேண்டினாள், வென்றாள், முடி கொடுத்தாள். கவிப்பிரியா முதலில் சொன்னாள், தமயந்தி மறுத்தாள். செவ்வாய்க்கிழமைக்குள் தமயந்தியும் மறுப்பதை விட்டுவிட்டாள்.

பெட்ரோல் பங்கின் மேலாளர் ஆதிகேசவனுக்கு ஐயம் வேறு திசையில் போயிற்று.

“இன்னா ரஞ்சிதம், எத்தினி மாசம்? ஒரு வார்த்த சொல்லவேயில்ல!”

“சும்மா இருங்கண்ணே. லாரி நிக்குது.”

“அப்ப சுதாகருக்கு எதனா கவர்மெண்டு வேல?”

“அவுரா? லைசென்ஸு ரினிவல் பண்றதுக்கே நாலு வாட்டி கும்புடணும் அவுர.”

ஆதிகேசவன் சிரித்தார், ஆனாலும் அவள் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டே உள்ளே போனார்.

வியாழக்கிழமை இரவு தமயந்தி தன் ஸ்கூட்டரோடு பங்குக்கு வந்தாள். திருத்தணியில் இல்லாத பெட்ரோலா என்று ரஞ்சிதம் எண்ணியிருக்கக்கூடும், கேட்கவில்லை.

“நூறுக்குப் போடுக்கா.”

“ஜீரோ பாத்துக்கோ.”

“பாத்துட்டேன். பிரபாவதி பேரு முகாமுல வந்துகீதாம்.”

“ஆங். மாமா போன் பண்ணாரு.”

“எப்போ?”

“திங்கக்கெழம.”

“நீ மொட்ட அடிச்சதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

ரஞ்சிதத்தின் கை குழாயில் இருந்தது. நூறு தாண்டி எண்கள் ஓடின. அவள் சட்டென்று விசையை விட்டாள், நூற்றாறு.

“முன்னாடிதான். கோயிலுக்குப் போய்கினு இருந்தேன், பஸ்ஸுல. தமா, நீ நெனைக்கிறது இல்ல அது.”

“நான் இன்னா நெனைக்கிறேன்னு நீ சொல்லாத. நீ இன்னா வேண்டிக்கினேனு சொல்லு.”

“சொல்ல முடியாது.”

தமயந்தி நூற்றாறு ரூபாயையும் எண்ணி வைத்தாள். அந்த ஆறு ரூபாயைத் தன் கையிலிருந்து போட்டுக்கொள்ளக்கூட ரஞ்சிதத்துக்கு இடம் விடவில்லை. “ஞாயித்துக்கெழம கிரவுண்டுக்கு வா. நகரி ஊருல நடக்கற போட்டிக்கு சார் பேரு எழுதுறாரு. எழுதறதுக்கு முன்னால இது தீரணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரஞ்சிதத்தின் நெஞ்சில் இருந்தது இதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பங்கில், எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது போன்ற ஓசை அவளுக்கே கேட்டது. திருவள்ளூர் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை செய்தால் நன்றாக நடக்கலாம், செய்தாலும் கபடியை மறந்துவிடவேண்டும் என்றார். அறுவையும் செய்யவில்லை, கபடியையும் மறக்கவில்லை. மாமியார் வீட்டில் இருந்ததாக அணியிடம் சொல்லி இரண்டு மாதம் படுத்திருந்தாள். திரும்பி வந்தபோதும் உண்மையைச் சொல்லவில்லை. ஆட்டத்தில் வீழ்ந்திருந்தாலாவது சொல்லியிருப்பாள். எண்ணெயில் வழுக்கியதை எப்படிச் சொல்வது? சொன்னால் அன்றே விலக்குவார்கள். பத்து நிமிடம் ஆடுவாள். கால் கனக்கத் தொடங்கியதும் தாகம் என்று வெளியேறுவாள். அந்த நாள்களில் ஒரு கிருத்திகையன்று மலைமேல் நின்று வேண்டினாள்: ஒருமுறை, ஒரே முறை, ஒரு முழு ஆட்டம், முப்பது நிமிடமும் வெளியே வராமல் நான் ஆடவேண்டும், ஆடிவிட்டால் தலைமுடி முழுவதும் உனக்கு.

அரக்கோணத்தில் இருபதாம் நிமிடத்தைத் தாண்டியபோது கால் அவளோடு இருந்தது. இருபத்தைந்திலும் இருந்தது. கங்காதரன் கையசைத்ததை அவள் கண்டாள். காணாதவள் போல நின்றாள். முப்பதாம் நிமிடத்தில் பிரபாவதியின் பாதம் நீண்டபோது கைகள் பழக்கத்தால் போயின, முழங்கால் மடங்கவில்லை. ஊதல் ஒலித்தபோது தோழிகள் மண்ணில் விழுந்து அழுதார்கள். அவளும் அழுதாள். ஆனால் அவள் அழுதது வேண்டுதல் நிறைவேறியதற்காக. அதை அப்போதே உணர்ந்து அவள் தன்னைக் கண்டு தானே அஞ்சினாள்.

எனவே வாய் திறந்தாலும் அணியில் இடமில்லை, திறக்காவிட்டாலும் இடமில்லை. மறைத்தால் துரோகி, சொன்னால் நொண்டி. அதுமட்டுமன்று, அந்தக் காலால்தான் தோற்றோம் என்பதும் வெளிப்படும். மூன்று நாள் படுக்கையில் இதையே புரட்டினாள். சுதாகர் கேட்டதற்கு, “மண்ட குளுந்துகினு கீது, தூக்கம் வரல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ரஞ்சிதத்துக்கு இடம்விட்டு யாரும் நகரவில்லை, அவள் நின்றாள். கங்காதரன் மடியில் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஏழாம் பெயருக்கு உரிய இடம் வெற்றாக இருந்தது.

“ரஞ்சிதம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இவங்க கேக்கறதுக்கு நீ பதில் சொல்லிடு. அவ்ளோதான்” என்றார்.

கவிப்பிரியா ஒரு வெற்றிலையை மண்ணில் வைத்து அதன்மேல் கற்பூரத்தை வைத்தாள். ஏற்றினாள். “பிரபாவதி ஜெயிக்கணும்னு வேண்டிக்கலன்னு அடிச்சி சொல்லு பாக்கலாம்.”

ரஞ்சிதம் மலையை நோக்கிக் கைகூப்பினாள். குனிந்து, உள்ளங்கையால் சுடரை அறைந்து அணைத்தாள். “வேண்டிக்கல.”

புகை எழுந்தது. கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை மறுத்துப் பேச இவ்வூரில் பலருக்குத் துணிவு வராது. சிலர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. தமயந்தியின் முகத்தில் தளரவில்லை.

“சரி. அப்ப எதுக்கு மொட்ட?”

ரஞ்சிதம் சொல்லத் தொடங்கினாள். எண்ணெய்த் தரையிலிருந்து தொடங்கி முப்பதாம் நிமிடம் வரை, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் சொல்லி முடித்தாள்.

“மூணு வருசமாவா?” என்றார் கங்காதரன். “மூணு வருசமா என்னிய ஏமாத்திக்கினு இருந்தியா?”

“ஆங்.”

“நான் நம்ப மாட்டேன் சார்” என்றாள் கவிப்பிரியா. “முட்டிக்குள்ள கீறத யாரு பாத்தது? மாட்டிக்கினதும் முட்டிய காட்டுது இந்தக்கா. போன வாரம் இருபத்தொம்போது நிமிசம் மடங்கின முட்டி, மாமம் பொண்ணு வந்ததும் மடங்கலியாம்!”

சொன்னவள் சிறியவள், ஆயினும் கேள்வி சிறியதன்று. தமயந்தி எழுந்தாள். “வாக்கா. மூலைல நில்லு.”

“எதுக்கு தமா?”

“நான் பாடிகினு வரேன். பிரபாவதி வெச்ச மாரி கால வெக்கிறேன். புடிக்க முடியுதா இல்லியானு எல்லாரும் பாக்கட்டும்.”

அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. பிடித்தாளானால் சொன்னதெல்லாம் பொய். பிடிக்கவில்லையானால் மெய், ஆனால் அணியில் இடமில்லை. எதைச் செய்தாலும் இழப்பு அவளுக்கே. ரஞ்சிதம் செருப்பைக் கழற்றினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இடது மூலையில் போய்க் குனிந்து நின்றாள். மழித்த தலையில் வெயில் பட்டது.

தமயந்தி பாடத் தொடங்கினாள். கபடி, கபடி, கபடி. வலப்பக்கம் சென்றாள், திரும்பினாள். அவளுடைய கண்கள் ரஞ்சிதத்தின் முழங்காலில் இருந்தன. ரஞ்சிதத்தின் கண்கள் பாதத்தில் இருந்தன. விட்டுவிடலாம். விட்டால் துரோகி என்னும் பெயர் நீங்கும். விடவேண்டும் என்றே அவள் நின்றாள். பின்னாளில் கணவனிடம் சொன்னதும் அதுவே. பாதம் நீண்டது.

அவள் பிடித்தாள். முழங்கால் மண்ணில் ஊன்ற, உடல் பாய, பத்து விரலும் கணுக்காலைச் சுற்றி இறுகின. தமயந்தி முகங்குப்புற விழுந்தாள். பாட்டு அறுந்தது. நடுக்கோட்டுக்கு இன்னும் இரண்டடி.

“பாருங்க! பாருங்க சார்!” என்று கவிப்பிரியா கத்தினாள். “மடங்குது! நல்லா மடங்குது!”

கங்காதரன் பெயர்ப் பட்டியலை மடித்தார். ரஞ்சிதம் பிடியை விட்டாள், ஆனால் எழவில்லை. ஒருபுறம் சாய்ந்து, மடங்கிய இடது காலோடு அப்படியே கிடந்தாள்.

“எழுந்திருக்கா. போதும் நடிச்சது.”

“மடங்கிச்சி கவி. திருப்பி நீட்ட வரல.”

யாரும் அருகில் போகவில்லை. நடிப்பாக இருக்கலாம் என்று ஒவ்வொருத்தியும் எண்ணினாள். மற்றவள் முதலில் போகட்டும் என்று நின்றாள். அவள் ஒருமுறை கையை ஊன்றிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தாள். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த தமயந்திதான் கடைசியில் குந்தி உட்கார்ந்து அந்த முழங்காலின்மேல் கை வைத்தாள். கையை உடனே எடுத்தாள். மீண்டும் வைத்தாள்.

“நெருப்பா சுடுது சார். உள்ள எதுவோ நகர்ந்துகினு கீது.”

கங்காதரன் வந்து தொட்டுப் பார்த்தார். கவிப்பிரியாவும் வந்தாள், தொட்டாள், தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஐயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. காயம் மெய், அதனால் கடைசி நொடியில் கையை வாங்கியதும் மெய்யாகிவிடுமா என்று அந்தக் கண்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன. சத்தியமும் சோதனையும் முடிந்த பின்னும் எஞ்சுகிற ஐயம் ஒன்று உண்டு. அதற்கு மருந்து ஒருவரிடமும் இல்லை.

இருவர் தோள் கொடுத்து அவளை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். கங்காதரன் ஏழாம் இடத்தில் வேறொரு பெயரை எழுதினார். எழுதுவதை ரஞ்சிதம் பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துவர ஒருத்தி சாலைக்கு ஓடினாள். தமயந்தி தன் குப்பியிலிருந்து நீரை அந்த முழங்காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“தமா.”

“சொல்லுக்கா.”

“எல்லாத்தயும் வுடு. அன்னிக்கி முப்பது நிமிசமும் ஆடினேனா இல்லியா? அத மட்டும் சொல்லு.”

தமயந்தி குப்பியில் எஞ்சிய நீரையும் ஊற்றி முடித்தாள். அவளுடைய சான்றிதழும் சீருடையும் இன்னும் ஓராண்டுக்குத் தள்ளிப் போயிருந்தன. அரக்கோணத்துக் கடைசி நொடியை இனி யார் போட்டுக் காட்டினாலும் அவள் வேறு கண்ணால் பார்ப்பாள். ஆனால் புள்ளிகள் மாறப்போவதில்லை.

“ஆடின” என்றாள். “முழுசா ஆடின. எங்கள பணயம் வெச்சி ஆடின.”

ரஞ்சிதம் தலையசைத்தாள். அந்தச் சொல்லின் இரண்டு பாதியையும் அவள் ஏற்றுக்கொண்டாள். ஆட்டோ வந்தது. தமயந்தி அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டாள், தான் ஏறவில்லை. மைதானத்துக்குத் திரும்பி, புதிதாக இடது மூலைக்கு வந்த பெண்ணை அழைத்துப் பயிற்சியைத் தொடங்கினாள்.